முகம் வெட்டுண்ட பொற்காசு

உவரிக் கடற்கரையில் நின்று பேசும் பிரசங்கியார் ஓப்பீரை நினையாதிருத்தல் அரிது. உவரியே சாலொமோனுக்குப் பொன் சென்ற ஓப்பீர் என்பது இவ்வட்டாரத்தில் பலர் விரும்பிச் சொல்லும் கருத்து. ஒலியொப்புமைக்கு மேல் அதற்கு வலுவான சான்று இல்லை. தமிழகத்தில் அகப்பட்ட உரோமப் பொற்காசுகளை அதற்குத் துணையாகக் காட்டுவது பெரும்பிழை. அவை சாலொமோனுக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு பிந்தியவை. அன்றியும், ஓப்பீரிலிருந்து பொன் வெளியே சென்றது. இங்கோ மிளகுக்கும் முத்துக்கும் விலையாக உள்ளே வந்தது. இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சுகிறதென்று பிளினி அங்கலாய்த்ததும் இதனாலேயே.

1898இல் புதுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்த கருக்காக்குறிச்சியில் 501 உரோமப் பொற்காசுகள் புதையலாகக் கிடைத்தன. அவற்றுள் காலத்தால் கடைசியானவை வெஸ்பாசியனுடையவை. அக்காலத்து இராயர்களுக்குப் பொற்காசு கையடக்கமான ஒரு பிரசங்கம். முன்புறம் இராயனின் தலை; பின்புறம் பலவேளை அவனது வெற்றி. திபேரியு நாற்குதிரைத் தேரில் பவனி வருகிறான். கிலவுதியு பிரித்தானியரை வென்றமைக்கு ஒரு வளைவைப் பொறிக்கிறான். வெஸ்பாசியனோ எருசலேமின் வீழ்ச்சியை ஒட்டி, வெற்றிச்சின்னத்தின் கீழ் அமர்ந்து அழும் பெண்ணாக யூதேயாவைப் பொறித்தான். அப்பொன்னில் தோற்றவர்க்குக் கிடைத்த இடம் அதுவே.

புதுக்கோட்டைக் காசுகள் பெரும்பாலானவற்றில் இராயனின் முகத்துக்குக் குறுக்கே ஒரு வெட்டு உள்ளது. பொன்னின் தரம் காண வெட்டினர் என்பர் சிலர். நாணயமாகப் புழங்காதபடி செல்லாததாக்கினர் என்பர் வேறு சிலர். நாம் பின்னதையே ஏற்கிறோம். தரம் காண விளிம்பு போதுமே, முகம் எதற்கு? எனினும் இதனை ஏகாதிபத்திய எதிர்ப்பென்று புகழ்ந்துரைக்கும் நம் மாணவரோடு அவ்வளவு தூரம் செல்ல நாம் ஆயத்தமாயில்லை. முகத்தை வெட்டியவர் பொன்னை வைத்துக்கொண்டனர். இலத்தீன் எழுத்தறியாத இந்நாட்டில் இராயனின் வெற்றி வெறும் எடையாயிற்று. சிலவிடங்களில் துளையிடப்பட்டுக் கழுத்தணியும் ஆயிற்று.

2 கொரிந்தியர் 2:14இல் பவுல் இவ்வெற்றிப் பவனியையே உவமையாக்குகிறார். நம் பழைய திருப்புதலைப் படிப்போர், பவுல் வென்றவரோடு தேரில் ஏறியிருப்பதாகவே எண்ணுவர். நம் கூட்டங்களில் ‘வெற்றி வாழ்வு’ என முழங்குவதும் அத்தேரிலிருந்தே. ஆயின் அங்குள்ள கிரேக்க வினை, ஆட்களைச் செயப்படுபொருளாகக் கொள்ளுமிடத்து, பவனியில் நடத்திச் செல்லப்படும் சிறைப்பட்டோரையே பெரும்பாலும் குறிக்கும். காசில் அழுதிருக்கும் அப்பெண்ணின் வரிசையிலேயே அப்போஸ்தலர் தம்மை நிறுத்துகிறார்.