தீராத சூலை: திருவதிகைப் பதிகத்தை நாட்பட்ட குடல் நோயாளியின் நோக்கில் வாசித்தல்

முன்னுரை

திருநாவுக்கரசரின் முதற்பதிகமாகிய திருவதிகை வீரட்டானப் பதிகத்தை (நான்காம் திருமுறை, பண் கொல்லி) வயிற்று நோய் தீர ஓதுவது சைவ மரபு. பெருங்குடல் புண் அழற்சியுடன் கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் இக்கட்டுரையாளருக்கும் இதனை ஓதுமாறு பலர் கூறியதுண்டு. ஓதியும் நோய் தீராதபோது, குறை ஓதியவரின் பக்தியில்தான் என்ற குறிப்பு அவ்வறிவுரைக்குள் ஒளிந்திருக்கிறது. பதிகம் உண்மையில் நோய்தீர்வைப் பாடுகிறதா என்பதே இக்கட்டுரையின் வினா.

புராணம் தரும் முடிவு

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இவ்வரலாற்றைத் தொடக்கமும் முடிவும் உடையதாக அமைக்கிறார். திலகவதியாரின் வேண்டுதலுக்கு இரங்கிய இறைவன், சமணத்தில் தருமசேனராக விளங்கிய தம்பியைச் சூலை தந்து ஆட்கொள்கிறான். சமண முனிவர்களின் முயற்சிகள் பயனற்றுப்போக, அவர் இரவில் தமக்கையை அடைந்து, திருநீறு பெற்று, பதிகம் பாடி நலமடைகிறார். இங்கு நோயாளியின் உடல் ஒரு சமயத்தின் தோல்விக்கும் மற்றொன்றின் வெற்றிக்கும் சான்றாகிறது. உத்தமபாளையத்துப் பாறையில் தீர்த்தங்கரர் சிற்பங்களும், சின்னமனூரில் பூலானந்தீசுவரர் கோயிலும் அமைந்த இப்பள்ளத்தாக்கில் வாழ்பவர்க்கு அச்சமயப் போட்டி தொலைதூரச் செய்தியன்று. ஆயினும் சான்றாக நிற்கும் உடல் தீர்ந்தாக வேண்டும். தீராத உடலுக்குப் புராணத்தில் இடமில்லை.

பதிகத்துள் நிகழ்வன

பதிகத்தின் பத்துப் பாடல்களுள் ஒன்றும் நோய் தீர்ந்ததாகக் கூறவில்லை. ஒவ்வொன்றும் அதிகை அம்மானை விளித்தே முடிகிறது. முதற்பாடல் தாம் செய்த கொடுமை எதுவெனத் தெரியவில்லை என்கிறது. நான்காம் பாடலோ முன்பு அறியாமையில் இருந்ததை ஒப்புக்கொள்கிறது. ‘எனக்கு ஏன் இந்நோய்?’ என்ற வினாவுக்கு ஒரே நோயாளி இரு வேளைகளில் தரும் இரு விடைகள் இவை. ஏழாம், எட்டாம் பாடல்களில் வயிற்றின் உட்பகுதியை நோய் பறித்து, புரட்டி, அறுத்துத் தின்கிறது. அயர்வும் அலுப்பும் வெளிப்படுகின்றன. அடியார் படும்பாடு இதுவேயானால் தம்மைப் போன்றவர் இனி இறைவனை நம்பமாட்டார் என ஒன்பதாம் பாடல் எச்சரிக்கிறது. பத்தாம் பாடலிலும் புரண்டு, விழுந்து, எழுந்து வேதனையை விலக்கவே வேண்டுகிறார். தீர்வு பதிகத்தின் புறத்தே, புராணத்தில்தான் நிகழ்கிறது.

நாட்பட்ட நோயின் காலம்

அப்பரின் சூலை இன்ன நோய் என இன்று உறுதிசெய்ய இயலாது. இக்கட்டுரை அதற்கு முயலவுமில்லை. ஒப்பிடத்தக்கது பேசும் நிலையே. குடல் அழற்சி நோய்களான குரோன் நோயும் பெருங்குடல் புண் அழற்சியும் தணிந்தும் மீண்டும் கிளர்ந்தும் தொடர்பவை. மருந்துகள் அழற்சியை அடக்கும். முற்றாக நீக்கும் மருந்து இன்னும் இல்லை. எனவே நோயாளி எப்போதும் கதையின் நடுவிலேயே இருக்கிறார். பதிகமும் அங்கிருந்தே பேசுகிறது.

ஆயினும் பதிகத்திற்கு எல்லையுண்டு. அது வலியைப் பேசுகிறது, கழிவைப் பேசவில்லை. கம்பத்திலிருந்து க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பேருந்தில் செல்லும் குடல் நோயாளியை வலியைவிட அலைக்கழிப்பது, வழியில் கழிப்பறை கிடைக்குமா என்னும் அச்சம். குருதி கலந்த கழிச்சலையும் அதனால் வரும் நாணத்தையும் கவிதையாக்கும் சொற்களைப் பதிகத்தில் காண இயலாது.

முடிவுரை

புராணத்தின் வழியே பதிகத்தை வாசிக்கும்போது அது மருந்தாகிறது. பயன் தராவிடில் பழி நோயாளியைச் சேர்கிறது. பதிகத்தை அதன் சொற்களின் வழியே வாசிக்கும்போது, தீராத நோயிலும் கடவுளிடம் வழக்குரைக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு என்பது புலனாகிறது. நோய்சார் இலக்கிய ஆய்வுகள் இவ்விரு பனுவல்களையும் பிரித்து வாசிப்பது இன்றியமையாதது.