ஜஸ்டினும் டிரைபோவும்: ஒரு திறனாய்வு

யூதரின் இரட்சிப்பைக் குறித்து ஆதித்திருச்சபை போதித்ததை ஆராய்வோர், இரத்தசாட்சியான ஜஸ்டின் எழுதிய 'டிரைபோவுடன் உரையாடல்' என்னும் நூலைத் தவிர்த்துச் செல்ல இயலாது. கி.பி. 155க்கும் 160க்கும் இடையில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் இந்நூல், கி.பி. 132-135இல் நடந்த யூதப் போருக்குத் தப்பி வந்த டிரைபோ என்பவருடன் இரண்டு நாள் நிகழ்ந்த விவாதமாக அமைந்துள்ளது.

இதன் சிறப்பை முதற்கண் கூறுதல் தகும். பழைய ஏற்பாட்டைத் தள்ளிய மார்சியோனின் காலத்தில், ஆபிரகாமின் தேவனையன்றி வேறு தேவன் இல்லை என்று ஜஸ்டின் உறுதியாக நிற்கிறார். கிறிஸ்துவை விசுவாசித்தும் நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்ளும் யூதர் இரட்சிக்கப்படுவரோ என்று டிரைபோ வினவுகிறார். அதனைப் புறஜாதியார்மேல் சுமத்தாதவரையில் இரட்சிக்கப்படுவர்; அவர்களைச் சகோதரராக ஏற்கவேண்டும் என்பது ஜஸ்டினின் விடை (அதி. 47). இதற்கு உடன்படாத கிறிஸ்தவர் உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை.

ஆயினும் 16ஆம் அதிகாரம் நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. விருத்தசேதனம், யூதர் மட்டுமே துன்புறும்படி அவர்களைப் பிரித்துக் காட்டும் அடையாளம் என்கிறார். எருசலேமுக்குள் அவர்கள் நுழையலாகாதென ரோம அரசு விதித்த தடையை, நீதிமானைக் கொன்றதற்கு வந்த நியாயமான தண்டனையாகக் காட்டுகிறார். இவ்வாதம் நிற்குமா? ஏறத்தாழ கி.பி. 165இல் அதே ரோம அரசின் தீர்ப்பினால் ஜஸ்டினும் கொலையுண்டார். திருச்சபையோ அதைச் சாட்சியின் கிரீடமாகக் கண்டதேயன்றி, தேவன் அவரைத் தள்ளியதன் அடையாளமாகக் காணவில்லை. தன் பாடுகளுக்கு ஓர் அளவுகோல், பிறர் பாடுகளுக்கு வேறோர் அளவுகோல் என்பது நீதியன்று.

பவுலின் வழி வேறு. ரோமர் 3இல் யூதரும் கிரேக்கரும் ஒருங்கே பாவத்தின்கீழ் நிற்கின்றனர். இரட்சிப்பின் தேவை இருவருக்கும் பொது. 9ஆம் அதிகாரத்தில் தம் இனத்தாருக்காகத் துக்கிக்கிறார். 11ஆம் அதிகாரத்திலோ ஒட்டவைக்கப்பட்ட காட்டொலிவக் கிளைகள் பெருமை பாராட்டலாகாதென எச்சரித்து, தேவனுடைய அழைப்பு மாறாதது என்கிறார். ஆபிரகாமின் விசுவாசத்தைப் பற்றிய பவுலின் வாதத்தை ஒத்த வாதத்தைக் கையாளும் ஜஸ்டினிடம், பவுலின் துக்கமும் இல்லை; அந்த எச்சரிக்கையும் இல்லை. மெய்யான இஸ்ரவேல் நாங்களே என்கிறார். அனைவருக்குமான தேவை, ஓர் இனத்தின்மேல் கூறப்படும் தீர்ப்பாக மாறிவிடுகிறது.

இத்தீர்ப்பு பல நூற்றாண்டுகள் பிரசங்க பீடங்களில் ஒலித்தது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும், 1980இல் ஜெர்மனியின் ரைன்லாந்து புராட்டஸ்டண்டுத் திருச்சபையின் சினாடும் ரோமர் நிருபத்தின் அவ்வதிகாரங்களுக்குத் திரும்பின. பெரிய வெள்ளியன்று 'யூதர்' என்னும் சொல்லை உச்சரிக்கும் நாமும் அவ்விடத்திற்கே திரும்பவேண்டும்.

உரையாடலின் முடிவில் டிரைபோ மனம் மாறவில்லை; எனினும் இருவரும் ஒருவருக்காக ஒருவர் வேண்டிக்கொண்டு பிரிகின்றனர். நூலின் வாதங்களைவிட அந்தப் பிரிவு பவுலுக்கு நெருங்கியதாகும்.