பிரட்டுக்களமும் படைமரபும்

மலையக நாட்டார் பாடல்களைச் 'சோகப் பாடல்கள்' என்ற ஒரே தலைப்பின்கீழ் அடக்கிவிடுவது நமது திறனாய்வில் வழக்கமாகிவிட்டது. இக்கட்டுரையாளனும் ஒருகாலத்தில் அவ்வாறு எழுதியவனே. துயரம் அவற்றில் உண்டு. ஆயின் அதனை விளைவித்த அமைப்பு எத்தகையது என்பதைத் தோட்டத்துச் சொற்களே காட்டிநிற்கின்றன. எல்லவிலும் பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களிலும் விடியலில் தொழிலாளர் கூடுமிடம் பிரட்டுக்களம் எனப்பட்டது. 'பரேட்' என்னும் படைத்துறைச் சொல்லே 'பிரட்டு' ஆயிற்று. தப்பொலி கேட்டெழுந்து, வரிசையில் நின்று, பெயர் கூப்பிடப்பெற்று, கங்காணியின் பார்வையில் மலையேறுவது அணிவகுப்பேயன்றி வேறன்று.

துரை, சின்னத்துரை, கணக்கப்பிள்ளை, பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணி என இறங்கும் இப்படிநிலையின் மேல்முனை உண்மையாகவே படையைச் சார்ந்திருந்தது. 1900இல் அமைக்கப்பட்டு 1949இல் கலைக்கப்பட்ட தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையில் ஐரோப்பியத் துரைமாரே வீரராயிருந்தனர். கீழ்முனையில் இருந்தவை தலைகள். பாரதம் கூறும் படைக்கணக்கில் ஒரு பத்திக்குக் காலாள் ஐவர். அது பெருகிப் பெருகி அக்குரோணியாகும்போது 1,09,350 பேர். தலைவனுக்கு ஏனாதிப் பட்டமும் மோதிரமும் உண்டு. காலாளுக்கு எண் மட்டுமே. வேலைக்கு இறங்கிய தலைகளை எண்ணிக் கங்காணிக்குக் காசு கொடுத்த தோட்டமுறையிலும் தொழிலாளியின் நிலை அதுவே. படைவீரனைப் பிணித்தது செஞ்சோற்றுக்கடன் என்பர். இங்கே பிணித்தது கங்காணியின் கடன். அக்கடனைச் சுமந்த 'துண்டு' முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

தலைவரில்லாத படை படையன்று என்னும் கருத்தோடு திருக்குறளின் படைமாட்சி அதிகாரம் முடிவுறுகிறது. தோட்ட நிர்வாகமும் அதனையே நம்பியிருந்தது. 1940இல் பதுளையை அடுத்த வேவஸ்ஸ தோட்ட வேலைநிறுத்தம் அந்நம்பிக்கையைத் தகர்த்தது. சமசமாஜக் கட்சியின் வழிகாட்டலில் தொழிலாளர் தமக்கெனக் குழுவொன்றைத் தெரிவு செய்தனர். அதனைக் கலந்தே நிர்வாகம் நடத்தத் துரை இணங்க நேர்ந்தது. வரிசையில் நின்று பழகியவர்கள் அவ்வொழுங்கையே தமதாக்கிக்கொண்டனர் எனலாம்.

'சோகம்' என்ற தலைப்பில் இவர்களுக்கு இடமில்லை. குறை பாடல்களில் மட்டுமன்று, தொகுக்கும் முறையிலும் உள்ளது. கங்காணியின் காதுபட மலையில் பாடப்பட்டவை எவை, இரவில் லயத்தில் பாடப்பட்டவை எவை என்று பிரித்துக் குறிக்காத தொகுப்பில் அழுகையும் ஏளனமும் எதிர்ப்பும் ஒரே குரலாகவே கேட்கும். பாடிய முதியோர் இருக்கும்போதே ஊவாவில் இப்பணி மீண்டும் தொடங்கப்படல் வேண்டும்.