அலகும் மலரும்: ரீங்காரச் சிட்டு ஓவிய மரபு

ரீங்காரச் சிட்டு ஓவியம் என்றதும் கண் முதலில் அதன் கழுத்துப் பளபளப்புக்குத்தான் போகும். நான் முதலில் பார்ப்பது அலகு நுழையும் பூவை. அந்தப் பூவின் தேன் அந்த அலகுக்கு எட்டுமா? இந்த அமெரிக்கப் பறவையை வரைந்தவர்களை அந்த ஒரு கேள்வியை வைத்தே எடைபோடலாம்.

இயற்கையியலாளர் மார்க் கேட்ஸ்பி 1722 முதல் 1726 வரை கரோலினாப் பகுதியில் அலைந்தவர். செங்கழுத்துச் சிட்டை எக்காளப் பூங்கொடியோடு வரைந்தார். செப்புத் தகட்டில் செதுக்கியதும் அவரே. பறவை விறைத்துத்தான் நிற்கிறது. ஆனால் பொருத்தம் சரி. காட்டிலும் அது அந்தக் கொடியைத் தேடி வரும். பின்னர் வந்த பறவை ஓவியர் ஆடுபான் அதே கொடியில் ஒரு கூட்டத்தையே பறக்கவிட்டார். பூவுக்காக ஒன்றையொன்று விரட்டும் பறவை இப்படிக் கூடி உண்பதில்லை. ஆனாலும் உடல் திரும்பும் கோணங்களையெல்லாம் ஒரே தாளில் காட்ட அவருக்கு அது உதவியது.

மரபின் உச்சம் என்று பலரும் சொல்வது லண்டன் பறவையியலாளர் ஜான் கூல்டின் ஐந்து தொகுதிகளை: 1849 முதல் 1861 வரை வெளிவந்தவை, 360 படங்கள். இறகின் மினுமினுப்பு சாயத்தால் வருவதன்று. இறகுக்குள் இருக்கும் நுண்ணிய அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டுப் பிறப்பது. வெறும் வண்ணத்தில் அதைப் பிடிக்க முடியாது. கூல்டின் பட்டறை தங்கத்தாள் ஒட்டி, அதன்மேல் ஒளி ஊடுருவும் வண்ணமும் வார்னிஷும் பூசியது. தாளைச் சாய்த்தால் கழுத்து இன்றும் தீப்பற்றி எரிகிறது. ஆனால் உயிருள்ள ரீங்காரச் சிட்டை கூல்டு முதன்முதலில் கண்டது 1857இல், வேலை பாதிக்கு மேல் முடிந்தபின். பூக்களில் பலவும் தாவரவியல் இதழ்ப் படங்களிலிருந்து எடுத்தவை. பறவை ஓரிடத்தது, பூ வேறிடத்தது. அழகில் அவருக்கு நிகரில்லை; அலகுக்கும் பூவுக்கும் உள்ள உறவில் கேட்ஸ்பியைத்தான் முன்னால் வைப்பேன்.

1863இல் பிரேசில் சென்ற ஓவியர் மார்ட்டின் ஜான்சன் ஹீட், பறவைக்குப் பின்னால் மூடுபனியையும் ஈரக் காட்டையும் கொண்டுவந்தார். அவருடைய புகழ்பெற்ற 1871 ஆர்க்கிட் ஓவியத்தில் சிட்டுகள் தேன் குடிக்கவில்லை, கூட்டருகே இருக்கின்றன.

சிறகை வரையும் விதத்தை மாற்றியது புகைப்படம். நொடிக்கு ஐம்பது முறை அளவில் அடிக்கும் சிறகைக் கண்ணால் பிடிக்க முடியாது. கிராஃபோர்டு கிரீன்வால்ட்டின் மின்னொளிப் படங்கள் 1960இல் நூலாக வந்தபின், அந்தரத்தில் நிற்கும் பறவையின் சிறகு எப்படித் திரும்புகிறது என்று ஓவியர்கள் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை.

இன்று நான் தேடுவது பறவையின் நெற்றியை. சிவப்பு லொபீலியாவின் மகரந்தக் குழல் பூவுக்குமேல் வளைந்து நிற்கும். குடிக்க வரும் சிட்டின் தலையில் உரசும். அந்த வெளிறிய பொடியையும் வரைந்த ஓவியர்கள் மிகச் சிலரே. இளைய ஓவியர்கள் தங்கத்தாளை விட்டுவிட்டு அந்தப் பொடியில் கை வைக்க வேண்டும்.