முன்னோர் கதையும் சோற்றுக் கணக்கும்

காலையில் நூறு பாதாம். மதியம் நான்கு முட்டை, நெய்யில் வதக்கிய காய். இரவு வயிறு நிறையக் கறியோ மீனோ. சைவம் என்றால் பனீர். நடுவில் வெண்ணெய் போட்டுக் கலக்கிய தேநீர். சோறு, இட்லி, சப்பாத்தி, பருப்பு, சர்க்கரை எதுவும் கிடையாது. 2010களின் நடுவில் தமிழ்நாட்டில் பேலியோ என்ற பெயரில் வீடுகளுக்குள் நுழைந்த உணவு அட்டவணை ஏறக்குறைய இதுதான். அதைத் தமிழில் எடுத்துச்சொன்ன நியாண்டர் செல்வனின் எழுத்தும் முகநூலில் திரண்ட பெருங்கூட்டமும் சேர்ந்து அதை ஓர் இயக்கமாகவே ஆக்கின. அந்த ஆரவாரம் இப்போது அடங்கிவிட்டது. ஆனாலும் "நான் அரிசியை விட்டுட்டேன்" என்று சொல்லி இலையின் நடுப்பகுதியைக் காலியாக வைத்திருக்கும் ஒருவரையாவது எந்தக் கல்யாணப் பந்தியிலும் பார்த்துவிடலாம். ஆரவாரம் ஓய்ந்த நேரம்தான் கணக்குப் பார்க்கத் தோதானது.

என் கட்சி இது: பேலியோ தந்த பலன் பெரும்பாலும் உண்மை, அந்தப் பலனுக்கு அது சொன்ன காரணம் பெரும்பாலும் கற்பனை. எடை குறைந்தால் போதும், காரணம் எதுவானால் என்ன என்று கேட்கலாம். போதாது. எதை எவ்வளவு விடலாம், யார் விடக்கூடாது, எப்போது நிறுத்தலாம் என்பதற்கெல்லாம் விடை காரணத்திலிருந்துதான் கிடைக்க வேண்டும்.

முதலில் பலன். நம் தட்டில் மாவுச்சத்து அளவு மீறிப் போய்விட்டது என்பதில் மருத்துவர்களுக்குள் இன்று பெரிய சண்டை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு சென்னை ஆய்வாளர்கள் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் 2025ஆம் ஆண்டுக் கட்டுரை, இந்தியர் உண்ணும் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாகச் சொல்கிறது. தெற்கே அதில் பெரும்பங்கு தீட்டிய வெள்ளை அரிசி. நாலு இட்லியில் இருக்கும் புரதம் எட்டு கிராம் அளவுதான். மேலே ஊற்றிய சாம்பாரில் பருப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஐம்பது கிராம் புரதமாவது தேவை. மதியம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல், நாலு மணிக்கு டீக்கடை பஜ்ஜி, இரவு தோசை. மாவுக்குத் துணை மாவு. பேலியோ இந்தச் சங்கிலியை ஒரே நாளில் அறுத்தது. சோற்றோடு சேர்ந்து பேக்கரி பப்ஸ், டீயில் போடும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ராத்திரி பரோட்டா எல்லாம் ஒரே தடையுத்தரவில் போயின. இடத்தைப் பிடித்த முட்டையும் கறியும் பசியை நெடுநேரம் தள்ளிவைத்தன. இப்படி இருந்தால் எடையும் இரத்தச் சர்க்கரையும் டிரைகிளிசரைடு எனும் முக்கொழுப்பும் இறங்கும், இறங்காவிட்டால்தான் ஆச்சரியம்.

இன்னொன்றையும் அதன் வரவில் எழுதியாக வேண்டும். இரத்தப் பரிசோதனை முடிவை மருத்துவர் மேசையில் மடித்து வைத்துவிட்டு மாத்திரைச் சீட்டோடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு தலைமுறையை, அந்தத் தாளைப் பிரித்துப் படிக்க வைத்தது இந்த இயக்கம். மூன்று மாதச் சர்க்கரை சராசரி என்றால் என்ன, இடுப்புச் சுற்றளவை எங்கே அளக்க வேண்டும் என்று கணக்கர்களும் வேன் ஓட்டுநர்களும் பேசிக்கொண்டார்கள். நமக்கு அது அவசியமான பாடம். புனே மருத்துவர் யாக்னிக், தானும் பிரிட்டிஷ் நண்பர் யுட்கினும் அடுத்தடுத்து நிற்கும் படமொன்றை 2004இல் லான்செட் இதழில் வெளியிட்டார். இருவருக்கும் உயர-எடைக் குறியீடு ஒன்றே, 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. மெலிந்த கைகால், முன்தள்ளிய வயிறு, அதன் மேல் 'நான் குண்டு இல்லையே' என்ற நிம்மதி. நம் ஊரில் பாதிப் பேருக்கு இந்த உடல்தான். எடை எந்திரத்தை மட்டும் நம்பும் மருத்துவம் இவர்களைத் தவறவிட்டது. பேலியோக்காரர்கள் விடவில்லை.

இனி காரணம். மனித உடல் லட்சக்கணக்கான ஆண்டுகள் வேட்டையாடி உண்டு உருவானது. தானியம் நேற்று வந்தது. அதற்கு நம் மரபணு பழகவில்லை. ஆகவே அது நஞ்சு. இதுதான் கதை. கேட்க அழகாக இருக்கும். இந்தக் கதையை மருத்துவ உலகத்துக்குள் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவின் பாய்ட் ஈட்டனும் மெல்வின் கானரும். ஒருவர் கதிரியக்க மருத்துவர், மற்றவர் மானுடவியலர். 1985இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த அவர்கள் கட்டுரை பழங்கற்கால மனிதனின் உணவை உத்தேசமாகக் கணக்கிட்டது: புரதம் 34 சதவீதம், மாவுச்சத்து 45, கொழுப்பு 21. மூலக் கணக்கிலேயே பாதிக்குச் சற்றுக் குறைவாக மாவுச்சத்து இருக்கிறது, கொழுப்புதான் கடைசி. வெண்ணெய்த் தேநீர் எங்கிருந்து வந்தது? 2002இல் புத்தகம் எழுதிப் பேலியோவைப் புகழ்பெறச் செய்த லோரன் கார்டெய்ன் தானியம், பருப்போடு பாலையும் விலக்கினார். அது அவருடைய கதைக்குப் பொருந்தும். மாடு வளர்ப்பு வேளாண்மையோடு வந்ததுதானே. தமிழ்ப் பேலியோவோ பனீரையும் நெய்யையும் தயிரையும் நடுவீட்டில் உட்காரவைத்தது. சைவர்களை உள்ளே இழுக்க வேறு வழி இல்லை என்பது புரிகிறது. குகை மனிதன் எருமை கறந்து உறைக்கு ஊற்றினான் என்று மட்டும் நம்மை நம்பச் சொல்லக்கூடாது.

தொல்லியலும் கைகொடுக்கவில்லை. இராக்கின் ஷானிதார் குகையில் கிடைத்த நியாண்டர்தால் மனிதரின் பற்காறையைச் சுரண்டிப் பார்த்தவர்கள், வேகவைத்த புல்தானியத்தின் மாவுத் துகள்களை அதில் கண்டார்கள். 2011இல் வந்த செய்தி இது. கலிலேயாக் கடலோரம் ஒஹாலோ என்ற இடத்தில் 23,000 ஆண்டுகளுக்கு முன்பே காட்டு வாற்கோதுமையை அரைத்திருக்கிறார்கள். ஜோர்தானில் ரொட்டித் துணுக்கு கிடைத்தது 14,000 ஆண்டுப் பழைய அடுப்பில். உழவு தொடங்க அதன் பிறகும் சில ஆயிரம் ஆண்டுகள் ஆயின. உமிழ்நீரில் மாவைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணுப் படிகளும், மாவுணவை நம்பி வாழும் மக்களிடம் கூடுதலாக இருக்கின்றன. உடல் பழகிக்கொண்டுதான் வந்திருக்கிறது.

(எதிர்முகாமான சிறுதானியக்காரர்களும் முன்னோரைத்தான் கூட்டிவருகிறார்கள். அவர்களுடைய முன்னோர் வரகும் தினையும் சமைத்து நூறு வயது வாழ்ந்தவர். இவர்களுடைய முன்னோர் ஏர் பிடிக்கும் முன்பே வளர்ச்சியை நிறுத்திக்கொண்டவர். இரு தாத்தாக்களும் எங்காவது சந்தித்தால் நல்ல வேடிக்கையாக இருக்கும்.)

பேலியோவின் உண்மையான பாட்டன் கற்காலத்தில் இல்லை, விக்டோரியா காலத்து லண்டனில் இருக்கிறார். வில்லியம் பேன்டிங், சவ அடக்க ஏற்பாட்டாளர். குனிந்து காலணி கட்ட முடியாத பருமன். காது கேட்கவில்லை என்று ஹார்வி என்ற மருத்துவரிடம் போனார். அவர் ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்ல, ஓராண்டில் இருபது கிலோவுக்கு மேல் குறைந்தார். அந்த அனுபவத்தை 1863இல் சிறு நூலாக வெளியிட்டார். அது சக்கைப்போடு போட்டது. அதில் குகை மனிதன் இல்லை, மரபணு இல்லை. நான் இதை விட்டேன், இப்படி ஆனேன், அவ்வளவுதான். குறைமாவு உணவுக்கு அந்த நேர்மையே போதுமானதாக இருந்தது. அமெரிக்க மருத்துவர் அட்கின்ஸ் 1972இல் அதையே புதிதாக விற்றார். பேலியோ மூன்றாவது பதிப்பு.

மாவைக் குறைப்பது ஒரு நல்ல வழி என்பதற்கும், அது ஒன்றே வழி என்பதற்கும் இடையே உள்ள தூரத்தை இரண்டு ஆய்வுகள் காட்டுகின்றன. ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்குக் குறைகொழுப்பும் மறு பாதிக்குக் குறைமாவும் ஓராண்டு கொடுத்தது. 2018இல் வெளியான முடிவு: குறைகொழுப்பில் சராசரியாக 5.3 கிலோ போனது, குறைமாவில் 6.0. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இரு தரப்புக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டது ஒன்றுண்டு: காய்கறியைக் கூட்டு, சர்க்கரையையும் மைதாவையும் விடு. இன்னொன்று பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வு. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில மாதங்கள் தினம் ஏறக்குறைய 850 கலோரி கொண்ட கரைசல் உணவு மட்டும் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 சதவீதம் பேர் மாத்திரை இன்றியே சர்க்கரை நோயின் எல்லைக்கு வெளியே வந்திருந்தார்கள். அந்தக் கரைசலின் கலோரியில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான்! கல்லீரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு கரைந்ததுதான் அங்கே வேலை செய்தது. எந்தத் தானியத்தையும் நஞ்சென்று சொல்ல வேண்டி வரவில்லை.

தவறான காரணம் தீங்காக மாறும் இடம் இனிமேல்தான். தானியம் நஞ்சு என்று நம்பியவருக்குக் கொஞ்சம் சோறு என்ற ஒன்றே இல்லை. முழுக் கற்பு, அல்லது முழு வீழ்ச்சி. ஆறு மாதம் வைராக்கியம். பிறகு ஒரு தீபாவளி, ஒரு சர்க்கரைப் பொங்கல். அதோடு பழைய தட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள். முதல் வாரத்தில் இறங்கும் இரண்டு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். உடலில் சேமித்த கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவை நிறுத்தியதும் இரண்டும் சேர்ந்து வெளியேறும், மாவைத் தொட்டதும் சேர்ந்தே திரும்பும். இதை முன்னாலேயே சொல்லிவைத்தால் பாதிப் பேர் மனம் உடைய மாட்டார்கள். குழுவில் படம் போடுவது குறைந்தவர்கள் மட்டுமே. திரும்ப ஏறியவர் சத்தமில்லாமல் விலகிப் போகிறார். அவருடைய பேன்ட் அளவை யாரும் கேட்பதில்லை.

கொலஸ்ட்ராலைப் பற்றிய அலட்சியம் இதைவிட மோசம். முக்கொழுப்பு இறங்குவதைக் கொண்டாடுகிற அதே வாயால், கெட்ட கொழுப்பான எல்டிஎல் ஏறினால் பரவாயில்லை என்று சொல்லத் துணிந்தார்கள். வெண்ணெயும் நெய்யும் கொழுத்த கறியும் கூடும்போது எல்டிஎல் சிலருக்குச் சற்றே ஏறும், சிலருக்குக் கிடுகிடுவென ஏறும். மாரடைப்பு மற்ற இனத்தாரைவிடச் சில ஆண்டுகள் முந்தியே வரும் தெற்காசிய உடலை வைத்துக்கொண்டு இந்தச் சூதாட்டம் வேண்டாம். மீனும் கடலையும் நல்லெண்ணெயும் காய்கறியுமாகவே குறைமாவு உண்ண முடியும். ஆனால் அதில் புரட்சி செய்த உணர்வு கிடைக்காது. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் பாடு தனி. இன்சுலினோ கிளிமிபிரைடோ அதே அளவில் தொடர, சோறு மட்டும் நின்றால், சர்க்கரை தாழ்நிலைக்குப் போய் மயங்கி விழலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை போடுபவர் மாவை அடியோடு நிறுத்தினால் இரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரக்கூடும். அப்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே இருக்கலாம் என்பதால் அதைக் கண்டுபிடிப்பதும் தாமதமாகும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் புரதக் கணக்கே வேறு. ஒரே அட்டவணையை எல்லோருக்கும் அனுப்புகிற எந்த இயக்கமும் இங்கேதான் சறுக்கும்.

உடற்பயிற்சிக்கு வருவோம். பயிற்சி இல்லாமலே எடை குறையும் என்பது பேலியோவின் பெரிய கவர்ச்சி. அதில் பாதி உண்மை. எழுபது கிலோ ஆள் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது 150 கலோரிக்குள். பூங்கா வாசலில் காத்திருக்கும் மெதுவடையும் காபியும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். நடந்து மட்டும் மெலிந்தவர் அபூர்வம். ஆனால் பயிற்சியின் வேலை வேறு. உணவைக் குறைத்து இழக்கும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு தசை முதலிய கொழுப்பற்ற திசுவாக இருக்கும் என்பது பொதுவான கணக்கு. ஏற்கெனவே யாக்னிக்கின் உடல். அதிலும் கால் பங்கு போனால் என்ன மிஞ்சும்? உண்ட சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கி வைத்துக்கொள்ளும் கிடங்கே தசைதான். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது, வாரம் 150 நிமிட நடையோடு இரண்டு நாளாவது தசை வலுப்பயிற்சி என்று. நம் ஊர் நடைப்பயிற்சிக்காரர்களுக்கு முதல் பாதி மனப்பாடம். இரண்டாவது பாதி காதிலேயே விழவில்லை. தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் இருந்த நாட்டில் ஐம்பது வயதுக்காரர் தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடியவில்லை. அம்மாக்களின் நிலை இன்னும் மோசம். எடை தூக்குவது ஆம்பிளை வேலை என்று அவர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறோம்.

அம்மாக்கள் என்றதும் அடுக்களை நினைவுக்கு வருகிறது. வீட்டில் ஒருவர் பேலியோ என்றால் இரண்டு சமையல். கணவருக்கு முட்டைப் பொரியல், பனீர். பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் சோறும் குழம்பும். இரண்டையும் செய்துவிட்டு, மிச்சமான சோற்றை வீணாக்க மனமில்லாமல் தானே சாப்பிடும் பெண்ணின் சர்க்கரை அளவை யாரும் பார்ப்பதில்லை. மெலிந்தவர் கதைகளில் அவர் பெயர் வருவதும் இல்லை.

கடைசியாகக் காசு. நூறு பாதாம் 120 கிராம். இன்றைய விலையில் நூறு ரூபாயைத் தொடும். அதில் கிடைப்பது 25 கிராம் புரதமும் 700 கலோரியும். அதே புரதத்தை நாலு முட்டை மிகக் குறைந்த விலையில், பாதிக்கும் குறைவான கலோரியில் தந்துவிடும். எனவே பாதாம் ஒரு அந்தஸ்துப் பண்டம் என்றுதான் எனக்குப் படுகிறது. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் 2011 முதல் அரிசி இலவசம். பசியை விரட்டிய திட்டம் அது, குறை சொல்ல மாட்டேன். அதே கடையில் துவரம் பருப்பு ஒரு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ. நாலு பேர் உள்ள வீட்டில் அதைப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு கிராம் புரதம்கூடத் தேறாது. பள்ளிப் பிள்ளைக்குச் சத்துணவில் வாரம் ஐந்து முட்டை கொடுக்கிறோம். சர்க்கரை நோயோடு கட்டட வேலைக்குப் போகும் அவள் அப்பாவுக்கு அரசு கொடுப்பது அரிசிதான்.