‘தொடரும்’ போட முடியாத மேடை

சேலத்திலிருந்து நாகலூருக்கு மலையேறுகிறவர்கள் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்திருப்பார்கள். ஸ்டுடியோ போய்விட்டது, வளைவு மட்டும் நிற்கிறது. அந்த நிறுவனம் எடுத்த ‘மந்திரி குமாரி’க்கு (1950) வசனம் எழுதிய கருணாநிதி அப்போதே மேடைப் பேச்சாளர். அன்று மேடைத் தமிழ் திரைக்குப் போனது. இன்று ஓட்டம் திரும்பியிருக்கிறது. பள்ளிப் பேச்சுப்போட்டியிலும் கிராம சபையிலும் டி.வி. சீரியலின் ஏற்ற இறக்கம் கேட்கிறது. சீரியலிடம் கடன் வாங்கத் தகுந்தது நிறைய உண்டு. எதை வாங்குகிறோம் என்பதில்தான் என் கவலை.

முதலில் வாங்க வேண்டியது காட்சி. 2002இல் தொடங்கிய ‘மெட்டி ஒலி’ சீரியல் ஐந்து பெண்களைக் கரையேற்றும் ஓர் அப்பாவின் கதை. புகுந்த வீட்டுக் கொடுமையைப் பற்றி அது பிரசங்கம் செய்யவில்லை. ஒவ்வொரு மகளின் வீட்டுக்குள்ளும் நம்மை உட்கார வைத்தது.

நாகலூர் கிராம சபையில் ஒரு பெண் காட்டெருமைத் தொல்லை பற்றி எழுந்து பேசுவதாக வைத்துக்கொள்வோம். “வனவிலங்குகளால் தொழிலாளர்கள் பெரிதும் பாதிக்கப்படுகின்றனர்” என்று ஆரம்பித்தால் மனு வாசித்த மாதிரி இருக்கும். “காப்பிப் பழம் பறிக்க விடிகாலைல போனோம். ஒரே பனி. முன்னால போன அத்தை சட்டுன்னு கூடையைக் கீழ வெச்சாங்க. பேசாதேன்னு கையைக் காட்டினாங்க” என்று சொல்லி ஒரு கணம் நிறுத்தினால், பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பவரும் நிமிர்வார். காட்டெருமை இன்னும் வாக்கியத்துக்குள் வரவே இல்லை. கூடை கீழே இறங்கியதும் பயம் வந்துவிட்டது. நல்ல சீரியல் இயக்குநர் செய்வதும் இதுதான்.

டி.வி. வருவதற்கு வெகுகாலம் முன்பே சொற்பொழிவாளர் கிருபானந்த வாரியார் இந்த வித்தையில் கைதேர்ந்தவர். கிளைக்கதைக்குள் போவார், முன்வரிசைப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்பார், விட்ட இடத்துக்குத் தவறாமல் திரும்பி வருவார். அந்தத் திரும்பி வருதல்தான் சீரியலைப் பார்த்துப் பேசுகிறவர்களிடம் இல்லை.

சீரியல் இழுக்கலாம். ஓங்கிய கையோடு ‘தொடரும்’ போட்டால் அடுத்த நாள் அதே நேரத்துக்கு ஜனம் வந்து உட்காரும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறைதான். சுற்றி வளைத்து, முக்கியமானதைக் கடைசிக்கு வைத்துப் பேசினால், அங்கே போய்ச் சேருவதற்குள் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். விட்டதைச் சொல்ல அடுத்த கூட்டம்வரை காத்திருக்க வேண்டும்.

பின்னணி இசையும் மூன்று முறை திரும்பும் குளோசப்பும் பேச்சாளருக்குக் கிடையாது. அந்தக் குறையைத் தொண்டையால் ஈடுகட்டப் பார்க்கும் பிள்ளைகளைப் போட்டி மேடைகளில் பார்க்கிறோம். முதல் வரியிலேயே அழுகை உச்சத்துக்குப் போய்விடுகிறது. அதற்கு மேல் ஏற இடமில்லை. பயிற்சி கொடுக்கும் பெரியவர்கள் இதை ‘உணர்ச்சி’ என்று பாராட்டுவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது வில்லன். ‘எதிர்நீச்சல்’ தொடரில் மாரிமுத்து நடித்த ஆதி குணசேகரன், ஆணாதிக்கத்துக்கு ஒரு முகம் கொடுத்தார். எத்தனையோ கட்டுரைகள் புரியவைக்காததை அந்த முகம் வீட்டுக்கூடத்தில் புரியவைத்தது; அது பெரிய சாதனை. ஆனால் அவருடைய அதட்டலே மீம் ஆகி ஊரெல்லாம் சுற்றியது. வெறுக்க வேண்டியதை ஜனம் ரசிக்கத் தொடங்கியது. 2023 செப்டம்பரில் மாரிமுத்து இறந்தபோதும் பலர் பகிர்ந்தது அந்த அதட்டலைத்தான். வலுவான வில்லன் பிரச்சினையை விழுங்கிவிடுவான்.

ஊர்க்கூட்டத்தில் விளைவு இன்னும் மோசம். அத்தையின் கதையைச் சொன்ன பெண் அடுத்ததாக வனக்காவலரை வில்லனாக்கினால் கைதட்டல் நிச்சயம். ஆனால் அந்தக் காவலர் அதற்குப் பிறகு தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுவார், காட்டெருமை எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதைப் பற்றிப் பேசமாட்டார். அதே பாதையில் ரோந்து போகிற மனிதரைக் கதையில் அத்தைக்குப் பக்கத்தில் நிறுத்தலாம். அதற்கு எழுத்துத் திறமை கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே கூடை இறங்கும் காட்சிக்கு இரண்டு நிமிடம் தாராளமாகக் கொடுக்கட்டும். மூன்றாவது நிமிடத்தில் எந்தப் பாதை, எந்த மாதங்களில் நடமாட்டம், வேலைக்குப் போகும் நேரத்தில் யார் உடன் வர வேண்டும், இழப்பீட்டு மனுவை யாரிடம் கொடுப்பது என்பதெல்லாம் வந்துவிட வேண்டும். ஊராட்சிச் செயலர் அதைத் தீர்மானமாக எழுதி வாசித்துக் காட்டும்வரை அந்தப் பெண் உட்காரக் கூடாது.