தமிழில் பேசுகிறார்

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு நண்பர் மூலமாக எனக்கு ஒரு சின்ன வேலை வந்தது. ஐரோப்பிய நவீன நடனக் குழு ஒன்று கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் ஆறு வாரம் தங்கி, ஒரு வயதான நட்டுவனாரோடு சேர்ந்து ஒரு நிகழ்ச்சியைத் தயாரித்திருந்தது. இன்னொரு குழு அதை ஆவணப்படமாக எடுத்திருந்தது. மொத்தம் நாற்பது மணி நேர ஃபுட்டேஜ். தமிழ் வரும் இடங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் எழுத வேண்டும். பகலில் ஆபீஸ் வேலை, ராத்திரியில் இது. பணம் கொஞ்சம்தான். ஆனால் அது எங்கள் ஊர்ப் பக்கம் என்பதால் ஒத்துக்கொண்டேன்.

எந்த நிமிடத்தில் யார் பேசுகிறார்கள் என்று ஒரு எக்செல் ஷீட் அனுப்பியிருந்தார்கள். வெளிநாட்டுக் கலைஞர்கள் பேசிய ஒவ்வொரு வரியும் அதில் எழுத்தாக இருந்தது. நட்டுவனார் வாய் திறந்த இடங்களில் எல்லாம் ஒரே குறிப்பு: 'தமிழில் பேசுகிறார்'. அவற்றில் முப்பது இடங்களுக்கு மட்டும் மஞ்சள் நிறம் அடித்திருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து பரம்பரை, பக்தி, இளமைக் காலம் பற்றிச் சொன்ன இடங்கள் அவை. ஒத்திகையில் அவர் பேசிய எதற்கும் மஞ்சள் இல்லை.

எனக்கு உறுத்தல் ஆரம்பித்தது ஒரு ஒத்திகைக் காட்சியில். ஒரு பெண் தட்டடவு போடுகிறாள். அவர் தட்டுக்கழியை நிறுத்திவிட்டுச் சொல்கிறார்: "காலை வைக்கணும்மா, போடக் கூடாது." மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர் இருந்தார். 'மெதுவாக' என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். அவள் மெதுவாக ஆடினாள், தாளம் விழுந்தது. நட்டுவனார் எழுந்து வந்து, தன் காலாலேயே தரையில் இரண்டு தடவை செய்து காட்டினார், ஒருமுறை போட்டு, ஒருமுறை வைத்து. சத்தமே வேறாக இருந்தது. அந்தச் சத்தம் ஒலிப்பதிவில் இருக்கிறது. படத்தில் இல்லை. அந்த நேரத்தில் கேமரா ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சாஃப்ட்வேர்க்காரனாக எனக்கு இது தெரிந்த விஷயம். ஒரு புரோகிராம் எப்படி நடந்தது என்று பின்னால் தெரிந்துகொள்ள லாக் எழுதுவோம். எதை எழுதுவது என்று முன்கூட்டியே முடிவு செய்கிறவர், எது முக்கியம் என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுகிறார். பிழை வந்த இடத்தில் லாக் இல்லையென்றால் மீதி ஆயிரம் வரி இருந்தும் பிரயோஜனமில்லை. கூட்டு முயற்சி ஒன்றைப் பதிவு செய்கிறவருக்கு, ஒருவர் இன்னொருவரைத் திருத்தும் கணம்தான் அந்த இடம். இரண்டு உடம்புகள், இரண்டு பழக்கங்கள் மோதுவது அங்கேதான்.

தஞ்சாவூருக்கு வெளியார் புதிதில்லை. இரண்டாம் சரபோஜியின் அரண்மனையில் மேற்கத்திய வாத்தியங்கள் ஒலித்தன. முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் செய்தார். நோட்டு ஸ்வரங்கள் என்று குழந்தைகள் இன்றும் பாடுகிறார்கள். நம் சங்கீதம், நடனம் எல்லாமே இப்படிக் கலந்தும் திருத்தப்பட்டும் வந்தவைதான். ஆகவே வெளியார் வரலாமா என்பது என் கேள்வி இல்லை. வந்தவர் எங்கே உட்கார்ந்து பார்த்தார் என்பதுதான் கேள்வி.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் டி. பாலசரஸ்வதியின் குடும்பம். தஞ்சாவூர் அரண்மனைக் கலைஞர்களின் வழி வந்தவர்கள், வீணை தனம்மாளின் பேரப் பிள்ளைகள். பாலாவின் குரு கந்தப்பப் பிள்ளை, தஞ்சை நால்வர் பரம்பரை. 1962இல் பாலா அமெரிக்காவின் ஜேக்கப்ஸ் பில்லோ விழாவில் ஆடினார். அடுத்த வருடம் எடின்பரோ. தம்பிகள் மிருதங்கம் ரங்கநாதனும் புல்லாங்குழல் விஸ்வநாதனும் கனெக்டிகட்டில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்கள் ஆனார்கள்.

அந்தக் காலத்து அமெரிக்க இசை ஆய்வில் ஒரு புதுப் பிடிவாதம் இருந்தது. கலிபோர்னியாவில் மேண்டில் ஹுட் என்பவர், வேறு ஊர் இசையைப் படிக்கிறவர் அதை வாசிக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்று 1960இல் எழுதினார். அங்கே படித்த ராபர்ட் பிரவுன், மிருதங்கத்தைப் பற்றி ஆய்வேடு எழுத ரங்கநாதனிடம் மிருதங்கம் கற்றார். வெஸ்லியனில் படித்த ஜான் ஹிக்கின்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். சென்னைக்கு வந்து விஸ்வநாதனிடம் பாட்டு கற்று, 1960களின் நடுவில் திருவையாறு தியாகராஜ ஆராதனையில் பாடினார். ஹிக்கின்ஸ் பாகவதர் என்று நம் ஆட்களே பெயர் வைத்தார்கள். அவருடைய 1973ஆம் வருட ஆய்வேடு பரதநாட்டியத்தின் இசையைப் பற்றியது. அதை எழுதியவர் அந்த வீட்டில் மாணவராக உட்கார்ந்து, தப்பாகப் பாடி, நிறுத்தப்பட்டு, திரும்பப் பாடியவர். தான் எங்கெங்கே திருத்தப்பட்டோம் என்பது தெரிந்தவர் எழுதுவதற்கும், கடைசி வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு இருந்தவர் எழுதுவதற்கும் வித்தியாசம் இருக்கும்.

இதற்குப் பக்கத்தில் சத்யஜித் ராயின் 'பாலா'வை வைத்துப் பார்க்கலாம். 1976இல் வந்தது. சுமார் அரை மணி நேரப் படம், வர்ணனை ராயின் குரலிலேயே. சிறுவனாகக் கல்கத்தாவில் பாலாவின் ஆட்டத்தைப் பார்த்தவர் அவர், மரியாதையில் குறை சொல்ல முடியாது. ஆனால் 'கிருஷ்ணா நீ பேகனே' பதத்தைக் கடற்கரையில் ஆடவைத்திருக்கிறார். காற்று புடவையை இழுக்கிறது, பின்னால் அலை. பாலாவின் அபிநயம் ஒரு சின்ன இடத்துக்குள், முகத்திலும் விரலிலும் நடப்பது. பார்க்கிறவன் கண் காற்றோடு போய்விடுகிறது. உலகத்தின் மகத்தான இயக்குநர்களில் ஒருவருக்கே, அங்கே என்ன பார்க்க வேண்டும் என்பதில் சறுக்குகிறது. எங்கள் ஆவணப்படக் குழுவும் கடைசி வாரத்தில் நடனக்காரர்களை வரப்பில் ஆடவைத்தது. பச்சை வயல், அந்தி வெளிச்சம், டிரோன். அடவுக்குத் தரை வேண்டும். வரப்பு மண்ணில் காலை வைத்தாலும் போட்டாலும் ஒரே சத்தம்தான், அதாவது ஒன்றும் கேட்காது.

உடனே ஒரு ஆட்சேபம் வரும், நியாயமானது. மாணவராகிவிட்டவரால் விமர்சிக்க முடியுமா? பாலாவின் விரிவான வாழ்க்கை வரலாற்றை 2010இல் எழுதிய டக்ளஸ் நைட் அவருடைய மருமகன். அந்தப் புத்தகம் தரும் நெருக்கம் வேறு யாராலும் தர முடியாது. அதே நெருக்கம் சில கேள்விகளைக் கேட்கவிடாமலும் செய்யலாம். உள்ளே இருப்பது மட்டுமே ஒரு தகுதியும் அல்ல. திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள். அந்த ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்று தடுத்தவர்கள் வெளியூர்க்காரர்கள் இல்லை, சங்கீதம் நன்றாகத் தெரிந்த நம் வித்வான்கள். அதற்கு அவர் பல வருடம் போராட வேண்டியிருந்தது. தேவதாசிக் குடும்பங்களை ஊர் ஒதுக்கிய காலத்தில், அந்த மரபில் வந்த ஒரு வீட்டின் ஞானத்துக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தது தூரத்து வெளியூர்தான். அதையும் நாம் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே உள்ளா வெளியா என்று பிரிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. பதிவு செய்ய வந்தவர் தன்னைத் திருத்த யாருக்காவது இடம் கொடுத்தாரா என்று பார்க்கிறேன். ஹிக்கின்ஸ் கொடுத்தார். நான் வேலை செய்த படம் நட்டுவனாரை ஒரு அழகான முகமாக வைத்துக்கொண்டது, அவர் சொல்லைக் கேட்கவில்லை. கெட்ட எண்ணத்தில் செய்தார்கள் என்று நினைக்கவில்லை. கூட்டு முயற்சி என்றால் இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டு இருப்பது என்று நம்பினார்கள். திருத்துவது சண்டை மாதிரித் தெரிந்திருக்கும்.

மஞ்சள் இல்லாத இடங்களையும் மொழிபெயர்த்து அனுப்பினேன். தட்டடவுக் காட்சிக்குத் தனியாக ஒரு குறிப்பும் எழுதினேன். நன்றி சொல்லிப் பதில் வந்தது. படம் முடிந்தபோது அந்தக் காட்சி இல்லை. டைட்டிலில் ஐயாவின் பெயருக்கு முன்னால் 'உள்ளூர் இசைக்கலைஞர்' என்று போட்டிருந்தது. நானும் ஒன்றும் கேட்கவில்லை, பேமெண்ட் வந்துவிட்டது. அது இன்னும் என்னைக் குத்துகிறது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவரைப் போய்ப் பார்த்தேன். படத்தைப் போனில் போட்டுக் காட்டினேன். தன் முகம் வந்த இடத்தில் சிரித்தார், வரப்பு வந்ததும் "நாத்து மிதிபடுமே" என்றார். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"தம்பி, அந்தப் பொண்ணு இப்ப காலை வைக்குதா?"

"படத்துல அது தெரியலைங்கய்யா" என்றேன்.